120 வோல்ட் வந்துவிட்டது!

செத்துக்கிடக்கும் பழைய ஆர்கேட் மானிட்டருக்கு உயிர் கொடுப்பதைப் போன்ற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. அதிலும் கோளாறு பவர் சப்ளையில் என்றால் கொண்டாட்டம்தான். நிறம் மாறுவது, படம் மடங்குவது போன்ற கோளாறுகள் ஆளைச் சுற்றவிடும். பவர் சப்ளை அப்படியல்ல. அதில் இருப்பது ஒரே நேர்ப்பாதை. மின்சாரம் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று பார்த்துக்கொண்டே போனால் போதும்.

சிகாகோ புறநகரில் எங்கள் வீட்டு கராஜில் மிஸ் பேக்-மேன் இயந்திரம் ஒன்று நிற்கிறது. மிட்வே நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ஆட்டம். உள்ளே இருப்பது எலக்ட்ரோஹோமின் 19 அங்குல ஜி07 மானிட்டர். எலக்ட்ரோஹோம், கனடாவின் கிச்சனர் நகரத்து நிறுவனம். என் கைக்கு வந்தபோது ஆட்டத்தின் இசை கேட்டது, திரை மட்டும் இருட்டு. நாற்பது ஆண்டு சூட்டில் காய்ந்த பொருள், ஓய்ந்துபோனதில் வியப்பில்லை. இசை கேட்கிறது என்றால் கேம் போர்டு பிழைத்திருக்கிறது, தேட வேண்டியது மானிட்டருக்குள்தான். அங்கேயே எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

இதன் பாதை எவ்வளவு அழகானது என்று பாருங்கள்! சுவர் மின்சாரம் முதலில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிறது. அங்கிருந்து வரும் 120 வோல்ட் ஏசி, ஃப்யூஸைத் தாண்டி நான்கு டயோடுகளில் டிசி ஆகிறது. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் அது ஏறக்குறைய 160 வோல்ட்டாகத் தேங்குகிறது. ரெகுலேட்டர் அதைச் சீராக்கி 120 வோல்ட்டில் நிறுத்துகிறது. இதைத்தான் பி பிளஸ் என்கிறோம். இந்த 120 வோல்ட், ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டருக்குப் போகிறது. அந்த டிரான்சிஸ்டர் நொடிக்குப் பதினைந்தாயிரம் தடவைக்கு மேல் ஆன், ஆஃப் ஆக, ஃப்ளைபேக் அதை இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தித் திரைக்கு அனுப்புகிறது. எல்லாவற்றுக்கும் வேர் அந்த பி பிளஸ்.

தொடுவதற்கு முன் சில ஒழுங்குகள் உண்டு, அவற்றில் சமரசமே கூடாது. ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்த மானிட்டரை இயக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயிலும் ஃபில்டர் கெப்பாசிட்டரிலும் மின்சாரம் தங்கியிருக்கும். குழாயின் எர்த் பின்னலோடு வயரால் இணைத்த ஸ்க்ரூடிரைவரை ஆனோடு ரப்பர் மூடிக்கு அடியில் செலுத்தி டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

முதலில் ஃப்யூஸ். அந்தச் சின்னக் கண்ணாடிக் குழல் எவ்வளவு சொல்கிறது! உள்ளே கருகிப் படிந்திருந்தால் எங்கோ பலமான ஷார்ட். கம்பி மட்டும் அறுந்திருந்தால் வயதானதாகவும் இருக்கலாம். ஷார்ட் என்றால் டயோடுகளையும் அவுட்புட் டிரான்சிஸ்டரையும் மீட்டரில் பார்க்க வேண்டும். இவ்வகை டிரான்சிஸ்டர்கள் பலவற்றில் உள்ளேயே ஒரு டயோடும் ரெசிஸ்டரும் இருக்கும். அதனால் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே குறைந்த ஓம் காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே இரு திசையிலும் ஷார்ட் காட்டினால்தான் அது போய்விட்டது.

அடுத்தது என் மனம் கவர்ந்த கருவி, சீரிஸ் பல்பு. நம்மூர் டிவி மெக்கானிக் கடை மேஜையில் கிடக்கும் அதே பல்புதான். மானிட்டருக்குப் போகும் லைனில் குண்டு பல்பைத் தொடராக மாட்டி, டீகாஸ் காயிலைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அடங்கினால் ஃபில்டர் சார்ஜ் ஆகிவிட்டது, நல்ல சேதி. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஃப்யூஸுக்கும் சேதமில்லை, புதிதாக மாட்டிய உதிரிக்கும் சேதமில்லை. இதைவிட அருமையான காவல் உண்டா!

என் மானிட்டரில் ஃப்யூஸ் நன்றாகவே இருந்தது. ஃபில்டரில் 160 வோல்ட் வந்தது. ரெகுலேட்டரைத் தாண்டினால் ஒன்றுமில்லை. பாதை அப்படியே பாதியாகச் சுருங்கிவிட்டது! போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சூடேறும் பெரிய ரெசிஸ்டர் ஒன்றின் காலைச் சுற்றி, சால்டரில் மயிரிழை வளையமாக வெடிப்பு. சுத்தமான டிரை சால்டர். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் கையோடு மாற்றினேன். படத்தில் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஊர்ந்தால் பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்தான் காரணம்.

அவுட்புட் டிரான்சிஸ்டரின் இணைப்பை எடுத்துவிட்டு, பி பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 60 வாட் குண்டு பல்பை லோடாக மாட்டினேன். லோடு இல்லாமல் அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டக்கூடும். பல்பு எரிந்தது, மீட்டரும் அசையாமல் நின்றது. பி பிளஸ் கண்ட்ரோலை மெல்லத் திருகி 120-இல் நிறுத்தினேன். அதற்கு மேல் ஏற்றவே கூடாது, பி பிளஸ் ஏறினால் குழாய்க்குப் போகும் உயர் வோல்ட்டேஜும் கூடவே ஏறும்.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். டீகாஸ் காயில் உறுமியது, கண்ணாடியில் சடசடவென்று ஸ்டாட்டிக் ஓடியது, குழாயின் கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஹீட்டர் கனிந்தது. சில நொடியில் முதல் கட்டத்தின் இளஞ்சிவப்புச் சுவர்கள் திரையில் எழுந்து நின்றன. ஆஹா, அந்த நிறம்! கறுப்பு முழுக் கறுப்பாக, புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிர்வதாக! என் கண்ணுக்கு எந்த எல்சிடியும் இதற்கு ஈடாகத் தெரியவில்லை.

"மானிட்டர் போச்சு, எல்சிடி மாட்டிக்கோ" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவரக்கூடிய பொருள் அல்ல இது. இருப்பதை நாம்தான் காப்பாற்ற வேண்டும். முறையாக டிஸ்சார்ஜ் செய்யக் கற்றுக்கொண்டு, ஒரு மல்டிமீட்டரும் இரண்டு குண்டு பல்புகளும் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பையில் போடுவதற்கு முன் ஒரே ஒருமுறை பி பிளஸை அளந்து பாருங்கள்.