பத்மினியின் ஒயில்

திண்டிவனம் – விழுப்புரம் நெடுஞ்சாலையில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி கடந்து போனால் இன்றும் கண் தானாகத் திரும்பும். இத்தாலியின் ஃபியட் 1100 டி-தான் அதன் மூலம். பம்பாய் குர்லாவில் தயாராகி, 1970களில் பத்மினி என்ற பெயர் பெற்றது. பின்பக்கம் லேசாக எழும்பும் வால்சிறகு, கச்சிதமான உடல், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். அம்பாசடர் பக்கத்தில் நிறுத்தினால், பெரியப்பாவுக்கு அருகே நிற்கும் கல்லூரிப் பையன் போலிருக்கும்.

அழகுக்கேற்ற பிடிவாதமும் உண்டு. கத்திரி வெயிலில் பம்பு சூடேறி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, ஓரமாக ஒரு டீ குடித்து வந்தால் மறுபடி கிளம்பும். 1089 சிசி என்ஜினில் கார்புரேட்டர், பாயின்ட், பிளக் எல்லாமே கைக்கு எட்டும். கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்பேனரும் காது கேட்கும் மெக்கானிக்கும் போதும்.

அடிக்கடி மக்கர் பண்ணும். ஆனால் பழுது பெரும்பாலும் சாலையோரத்திலேயே தீர்ந்துவிடும். அதுதான் அதன் நம்பகத்தன்மை. வாங்க ஆசைப்படுபவர்கள் பளபளப்பில் மயங்காமல், முதலில் மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.