மூன்று நாள் மௌனம்: விளம்பரப் பணமும் விமர்சனத்தின் நம்பகமும்

வீடியோ கேம் விமர்சனங்களில் விளம்பரப் பணத்தின் தலையீடு பற்றிப் பேசுவோர் தவறாமல் சுட்டும் நிகழ்வு 2007 நவம்பரில் அமெரிக்காவில் நடந்தது. கேம்ஸ்பாட் தளத்தின் விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன், ‘கேன் அண்ட் லிஞ்ச்’ என்ற விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் அளித்தபோது, அதை வெளியிட்ட ஐடோஸ் நிறுவனத்தின் விளம்பரங்கள் அத்தளம் முழுவதும் நிறைந்திருந்தன; அம்மாதமே அவர் வேலையிழந்தார், அதன் பின்னணியை அவரால் வெளிப்படையாகப் பேச முடிந்தது 2012இல்தான்.

இத்தகைய பதவிப் பறிப்பு அரிது. அன்றாடம் நடப்பது சந்தடியற்றது. விளையாட்டை விமர்சகருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு, குறித்த நேரம்வரை எதுவும் எழுதக்கூடாதென்று நிபந்தனை விதிக்கும் ‘எம்பார்கோ’ என்ற வழக்கம் அங்கு வேரூன்றியிருக்கிறது. எந்தப் பதிப்பைக் கொடுப்பது என்பதும் நிறுவனத்தின் கையில்தான்: 2020 டிசம்பரில் வெளியான ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டின் கணினிப் பதிப்பு மட்டுமே விமர்சகர்களுக்கு முன்னதாகக் கிடைத்ததால், பிளேஸ்டேஷன் 4இல் அது தடுமாறுவதைப் பணம் கொடுத்து வாங்கியவர்களே கண்டறிய நேர்ந்தது. சில நாள்களில் சோனி அதைத் தன் கடையிலிருந்து அகற்றியது. பொய் சொல்லும்படி எவரும் எவருக்கும் பணம் கொடுத்திராத நிலையிலும் வாசகர் ஏமாந்தார் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

தமிழில் வீடியோ கேம் விமர்சனம் பெரிய வணிகமாக வளரவில்லை; இதே இழுபறி திரைப்பட விமர்சனத்தில்தான் நடக்கிறது. ஆனந்த விகடனை 1928இல் வாங்கிய எஸ்.எஸ். வாசன், பின்னர் ஜெமினி ஸ்டூடியோவுக்கும் அதிபரானார் என்பதால், ஏடும் படமும் ஒரே கையில் இருப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும் அவ்வேடு படங்களுக்கு அளித்த மதிப்பெண் பிற்காலத்தில் பெருமதிப்புப் பெற்றதற்கு அதன் கஞ்சத்தனமே காரணம் எனலாம்: ‘16 வயதினிலே’ (1977) நூற்றுக்குப் பெற்ற 62.5 இன்றும் சாதனையாகப் பேசப்படுகிறது.

அச்சு ஏடு வாரக்கணக்கில் எடுத்துக்கொண்ட வேலையை இன்று குரோம்பேட்டை வெற்றி போன்ற தியேட்டர்களின் வளாகம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. முதல் காட்சி விட்டு வெளியே வருவோரிடம் சேனல் பெயர் பொறித்த மைக்கை நீட்டி “படம் எப்படி இருக்கு?” என்று கேட்பதே ‘பப்ளிக் ரிவ்யூ’; ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ரயில் பிடிப்பவர் தாம்பரம் சேர்வதற்குள் அவர் முகம் யூடியூபில் ஏறிவிடலாம். 2023 ஜனவரியில் கோயம்பேடு ரோகிணி தியேட்டர் முன்பு நடந்த கொண்டாட்டத்தில் ரசிகர் ஒருவர் உயிரிழந்தபின், தமிழகத்தில் பெரிய படங்களின் முதல் காட்சி காலை 9 மணிக்குத் தள்ளிப்போக, கேரளத்தில் விடியற்காலையே படம் பார்த்தவரின் தீர்ப்பு சிட்லபாக்கம் வரதராஜா தியேட்டரில் வரிசையில் நிற்பவரின் செல்பேசிக்கு முன்னதாகவே வந்துசேர்கிறது. வசூலின் பெரும்பகுதி முதல் மூன்று நாள்களையே நம்பியிருக்கும் தொழிலில் அத்தீர்ப்பு பாதகமானால் அது சாதாரண இழப்பன்று. தயாரிப்பாளர்களின் பதற்றத்தை வெறும் சகிப்பின்மை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

2024 நவம்பர் 14 அன்று வெளியான ‘கங்குவா’ கடுமையாக விமர்சிக்கப்பட்டபின் அப்பதற்றம் முற்றியது. தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்களை அனுமதிக்கக்கூடாதென்ற தயாரிப்பாளர் தரப்பு அறிக்கையைத் தொடர்ந்து, முதல் மூன்று நாள்கள் இணைய விமர்சனத்துக்குத் தடை கோரி தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது; விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்குமென்று கூறிய நீதிபதி எஸ். சௌந்தர், டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். கேம் நிறுவனங்கள் ஒப்பந்தத்தால் பெறும் மௌனத்தை இங்கே நீதிமன்ற ஆணையால் பெற முயன்றதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

சட்டத்தின் பார்வையோ கைமாறிய பணத்தோடு நின்றுவிடுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை அபராதம் உண்டு. பணமோ பரிசோ பெற்றுப் பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டுமென 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி வலியுறுத்துகிறது. பாராட்டுவதற்காகப் பெற்ற பணக் கவரை இது பிடிக்கலாம்; திட்டியதற்காக நிறுத்தப்பட்ட விளம்பரத்தையும், அடுத்த பேட்டிக்கு வராமற்போன அழைப்பையும் பிடிக்க இதில் வழியில்லை. விமர்சகரை நாளடைவில் மென்மையாக்குபவை பெரும்பாலும் இவ்விரண்டும்தான். மறுபுறம், ‘மாபெரும் வெற்றி’ என்ற போஸ்டர் மதியக் காட்சிக்கு முன்பே வெளிவருவதுண்டு. மூன்று நாள் காத்திருப்பு கோரப்பட்டது விமர்சனத்துக்கு மட்டுமே.