போர்ச் செய்தித் தணிக்கையும் 1999ஆம் ஆண்டுத் தேர்தலும்

1999 நவம்பர் முற்பகுதியில் வன்னிப் படைநிலைகள் சில நாள்களுள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. டிசெம்பர் 21இல் சனாதிபதித் தேர்தல் நடைபெறவிருந்தது. 1998 யூனில் விதிக்கப்பட்ட போர்ச் செய்தித் தணிக்கை அப்பொழுதும் நடைமுறையிலிருந்தது.

படையினரின் பாதுகாப்பே தணிக்கைக்குக் கூறப்பட்ட நியாயம். இனி நிகழவிருக்கும் படைநகர்வை மறைப்பதற்கு அது பொருந்தும் என்பதை நாமும் ஏற்கலாம். இழந்த முகாமுக்கும் மாண்டோர் தொகைக்கும் அது எங்ஙனம் பொருந்தும்? முகாமைக் கைப்பற்றிய தரப்பு அதனை அறியாதா? அறியாதிருந்தவர் வாக்காளரே. போரை நடத்திய முறைபற்றித் தீர்ப்பளிக்க வேண்டியவரும் அவரே. போர்ப்பகுதிக்குச் செல்லவும் செய்தியாளர் அனுமதி பெறவேண்டியிருந்தமையால், தகுதிவாய்ந்த அதிகாரியின் மேசையை அடையுமுன்னரே செய்தி மெலிந்திருந்தது. (அந்நிய வானொலி கேட்டோர் சற்று மேலாக அறிந்தனர்.) அரசின் சொந்த அறிக்கைகளுக்கோ இத்தடை இருக்கவில்லை.