ஆளற்ற கோபுரங்கள்

கப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரியின் ஒளிப்படங்கள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயோர்க், லண்டன் நகரங்களின் பெருங் கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றில் குடிகொண்டுள்ள அமைதியை வியப்போர் பலர். அந்த அமைதி எவ்வாறு வந்தது என்பதே நமது கேள்வி.

1856இல் சென்னை அரசாங்கம் டிரைப்பைத் தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில், வடக்கே கிளர்ச்சித் தீ அணையாதிருந்த வேளையில், கருவிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனப் பயணம் நீண்டது. மன்னன் ஆண் வாரிசின்றி இறந்தான் என்று கூறி 1855இல் கும்பினி விழுங்கிய தஞ்சைதான் அது. புதிதாய்க் கைக்கு வந்த காணியைச் சுற்றிப் பார்க்கும் உடைமையாளனின் கண் இப்படங்களில் இல்லையென்று சொல்வதற்கில்லை.

மெழுகேற்றிய தாளில், ஏறத்தாழ 12க்கு 15 அங்குல அளவில், அவர் எதிர்ப்படங்களை எடுத்தார். ஒளி படிய நெடுநேரம் பிடிக்கும். நடமாடுவோர் அதிற் பதியார். மதுரையின் மண்டபங்கள் ஊரே குடிபெயர்ந்தாற்போல் வெறிச்சோடிக் கிடக்கின்றன. கருவியின் குறையென்று இதனை விட்டுவிடலாமா? அதே தாளில் வானமும் வெறும் வெண்மையாகவே விழுந்தது. அந்தக் குறையை டிரைப் பொறுக்கவில்லை. எதிர்ப்படத்தின்மேல் தூரிகையால் மேகந் தீட்டினார்! மேகத்துக்குக் கிட்டிய அக்கறை மனிதனுக்குக் கிட்டவில்லை. சற்றே அசையாது நிற்கச் சொல்லியிருந்தால் பூத்தொடுப்பவரும் விளக்கேற்றுபவரும் நின்றிருக்க மாட்டார்களா?

நிற்க. டிரைப் வெறும் ஏகாதிபத்தியக் கையாள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய படைப்புக்களில் தலையாயது, தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களை 21 படங்களாக்கி ஒட்டிய, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருள். இங்கே மேகமில்லை, கோபுர அழகுமில்லை. கல்லும் எழுத்துமே உண்டு. படிப்பதற்கென்றே எடுத்த படம் இது. கல்வெட்டுக்களை ஹுல்ட்ஸ் அச்சிற் கொணர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இது எடுக்கப்பட்டது.

இராசராசன் கோயிற் கல்வெட்டுக்கள் மன்னன் கொடையை மட்டுமே பேசுவன அல்ல. அக்கோயிலின் மற்றொரு கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயரும், முன்பிருந்த தளியும், குடியேற்றப்பட்ட தெருவுமாக வரிசைப்படுத்தி, ஒவ்வொருத்திக்கும் 100 கலம் நெல் பங்கு வகுக்கிறது. குயவரும் தையற்காரரும் நாவிதரும் அக்கணக்கில் வருகின்றனர். சோழ அரசைச் சமதர்ம அரசென்று எவரும் மயங்க வேண்டாம். அப்பெண்கள் ஊரூராகப் பெயர்த்துக் கொணரப்பட்டவர்கள். ஆயினும் உழைத்தவர் பெயரை எழுதிவைக்கும் தேவை அவ்வரசின் கணக்குக்கு இருந்தது. எட்டரை நூற்றாண்டு கழித்து வந்த டிரைப்பின் தொகுதிகளிலோ மண்டபத்துக்கும் தூணுக்கும் தலைப்புண்டு. வண்டியோட்டிச் சென்றவனுக்கு இல்லை.

1859இல் ஆளுநர் ட்ரெவெலியன் செலவைக் காரணங்காட்டி இப்பணியை நிறுத்தினார். படங்கள் கலைக்கூடங்களின் உடைமையாகிவிட்டன. அடுத்த முறை அவற்றைக் காட்சிக்கு வைப்போர், அந்த 19 அடிச் சுருளின் அருகே நானூறு பெண்களின் பெயர்களையும் எழுதி வைக்கட்டும்.