பணிவுப் பள்ளத்தாக்கு: ஜான் பனியனும் கிருட்டிணபிள்ளையும்

செருக்கு பலவகைத்து. செல்வச் செருக்கைக் கண்டோர் நகைப்பர்; பதவிச் செருக்கு ஓய்வுபெறும் நாளோடு தானே ஓய்ந்துவிடும். கல்விச் செருக்கோ கற்றவனோடு இறுதிவரை நடந்து வருவது. அதனினும் நுண்ணியது ஒன்று உண்டு: 'யாம் பணிவுடையோம்' என்று எண்ணி மகிழும் செருக்கு. சமய வாழ்வில் புகுந்தோரை இவ்விரண்டுமே பெரிதும் அலைக்கழிக்கின்றன. இவற்றை எதிர்கொண்ட இரு நூல்களை ஈண்டு ஒப்புநோக்க விழைகின்றோம். ஒன்று, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்கும் ஜான் பனியனின் ஆங்கில உரைநடைக் கதை. மற்றொன்று, அதனைத் தழுவி எழுந்த எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. பணிவைப் பாடுகின்ற நூல், தானும் பணிவாக நிற்கின்றதா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

பனியன் 1628-ல் இங்கிலாந்தின் பெட்போர்டு நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்ப்பது அவர் குடும்பத் தொழில். அரசின் இசைவின்றிச் சமய உரையாற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையில் அடைபட்டுக் கிடந்தார். பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத அவருடைய நூலின் முதற்பாகம் 1678-லும், இரண்டாம் பாகம் 1684-லும் வெளிவந்தன. பாவச்சுமையை முதுகில் தாங்கிய ஒருவன் அழிவின் நகரத்தை விட்டு விண்ணக நகர் நோக்கி நடப்பதே கதை.

புறப்பட்ட சில நாழிகைக்குள் அவனை எதிர்கொள்பவன் 'உலக ஞானி'. இவன் வாளேந்திய பகைவன் அல்லன், நன்மதிப்புள்ள பெரிய மனிதன், இன்மொழி பேசுபவன், யாத்திரிகன் நலத்தில் அக்கறை காட்டுபவன். "தகுதிக்கு மீறிய பெரிய நூல்களை எளியோர் படித்தால் இத்தகைய தொல்லைகளே விளையும், அருகிலுள்ள ஒழுக்கவூருக்குச் சென்றால் சுமையும் இறங்கும், நல்ல அயலாரும் வாய்ப்பர்" என்பது அவன் அறிவுரையின் சாரம். தீமை எப்போதும் கோரைப்பல்லுடன் வருவதில்லை, நல்ல உடை உடுத்தும் வரும் என்பதைப் பனியன் நன்கறிந்திருந்தார். அவ்வறிவுரையைக் கேட்டுத் திரும்பிய யாத்திரிகன் தலைமேல் விழுவது போல் தொங்கும் மலையடியில் நடுங்கி நிற்கின்றான். உலக ஞானம் சுமையை இறக்கவில்லை. அதன் பாரத்தைக் கூட்டியது.

இனி, நூலின் அமைப்பிலே புதைந்து கிடக்கும் நுட்பம் ஒன்றைக் காண்போம். அழகு மாளிகையில் யாத்திரிகன் விருந்தோம்பப்படுகின்றான், போர்க்கவசம் பூட்டப்பெறுகின்றான். அடுத்து அவன் ஏறுவது சிகரம் அன்று. இறங்குவது பணிவுப் பள்ளத்தாக்கு. சிறப்புப் பெற்றவுடன் தாழ்வுக்கு இறங்க வேண்டும் என்பது இவ்வரிசையின் குறிப்பு. அவனை அடிவாரம் வரை வழிவிடுபவர்களுள் ஒருத்தி 'விவேகம்' என்னும் நங்கை. வழுக்காமல் இறங்குவது அரிது என்று எச்சரிப்பவளும் அவளே. மெய்ஞ்ஞானம் மனிதனை மேலே தூக்கி நிறுத்துவதன்று, கீழே இறங்கக் கைகொடுப்பது என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் இயலுமோ!

அப்பள்ளத்தாக்கில் யாத்திரிகன் அப்பொல்லியோன் என்னும் கொடியோனோடு பொருத நேர்கின்றது. ஆனால் அவனுக்கு முன்னரே அவ்வழி சென்ற தோழனுக்கு அப்போர் இல்லை. அவனை மறித்தவர் இருவர். 'மனக்குறை' என்பவன், இப்பள்ளத்தில் இறங்கினால் செருக்கும் தற்பெருமையும் உலகப் புகழும் ஆகிய உறவினர் வருந்துவர் என்றான். 'வெட்கம்' என்பவனோ, செல்வரும் அறிஞரும் இவ்வழி வருவது அரிது என்று இடித்துரைத்தான். இருவரையும் உதறிய பின் தோழனுக்கு வழிநெடுக வெயில் காய்ந்தது. இரண்டாம் பாகத்தில் அதே பள்ளத்தாக்கு வளமிக்க பசும்புல் நிலமாகக் காட்டப்படுகின்றது. இறங்குகையில் நேர்ந்த சறுக்கல்களே முன்னவனின் போருக்குக் காரணம் என விளக்கமும் தரப்படுகின்றது. தாழ்வு துன்பமன்று, தாழ மறுக்கும் மனமே துன்பம் என்பது பனியன் கண்ட உண்மை.

நூலின் முடிவோ இன்னும் கூரியது. தற்பெருமை நாட்டிலிருந்து குறுக்குச் சந்து வழியே புகுந்த 'அறியாமை' என்பவன், தன் நல்லொழுக்கத்தை நம்பி விண்ணக வாயில்வரை வந்துவிடுகின்றான். வாயிற்காவலர் சான்றிதழ் கேட்கின்றனர். மடியைத் துழாவுகின்றான், ஒன்றும் இல்லை. விண்ணக வாயிலிலிருந்தும் நரகுக்கு ஒரு வழி உண்டு என்று ஆசிரியர் நூலை முடிக்கும்போது, படிப்பவர் நெஞ்சு ஒருகணம் திடுக்குறும்.

இந்நூல் தமிழுக்கு வந்த வரலாறு வேறு வகையானது. கிருட்டிணபிள்ளை 1827-ல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், கம்பராமாயணத்தில் தோய்ந்த வைணவக் குடும்பத்தில் தோன்றியவர். 1853-ல் சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1858-ல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய காப்பியம் 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894-ல் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களையும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களையும் உடையது. கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகின்றது.

இங்கேதான் எம் ஐயம் எழுகின்றது. ஈயம் பூசுவோன் ஏழைகளின் பேச்சு மொழியில் சொன்ன கதைக்கு விருத்தப் பாவும், அணிநலனும், வடசொற் பெருக்கும் வேண்டுமோ? நூலின் பெயரே கற்றவர்க்கு உரியது. பனியனின் நூலை வேலைக்காரப் பெண்ணும் எழுத்துக்கூட்டிப் படித்து அழுதிருக்கக் கூடும். கிருட்டிணபிள்ளையின் விருத்தத்தைப் பாளையங்கோட்டைக் கோயிலின் பின்வரிசையில் அமர்ந்த மூதாட்டி எவ்வாறு படித்திருப்பாள்? பனியனிடம் நாலு சொல்லில் முடியும் உரையாடல் இங்கே பல பாடல்களாக விரிவதும் உண்டு. அவ்விடங்களில் யாத்திரிகனை விடப் புலவரே முன்னே நடக்கின்றார் என்று சொல்லுதல் குற்றமாகாது. இக்குறையைப் பாராட்டுரைகளால் மூடி மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று.

ஆயினும், குறையை மட்டும் கண்டு நூலை மூடிவிடுவோமாயின் பெரும் பிழை செய்தவர் ஆவோம். பனியனின் கதைக்குள் கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் புகுத்தியது கிருட்டிணபிள்ளையின் சொந்தத் துணிவு. குமார பருவத்தில் இறைமகன் கயிற்றால் பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சியை நோக்குக. கடல் சூழ்ந்த உலகை நொடிப்பொழுதில் அழிக்க வல்லவர், இழிசொல் கேட்டும் வாய் திறவாது நிற்கின்றார். கட்டியது கயிறன்று, பகைத்தவர்க்கு நேரவிருக்கும் கேட்டை எண்ணி இரங்கும் அன்பே அவர் அறுக்க இயலாத கட்டு என்று புலவர் காட்டுகின்றார். பணிவு என்பது வலியற்றவன் வாளாவிருத்தல் அன்று. வல்லவன் அன்பினால் தன் வலிமையை அடக்குதல். இதனைச் சொல்லக் காப்பியப் பெருமிதம் தேவைப்படுகின்றது. உயரத்தைக் காட்டாமல் இறக்கத்தைக் காட்டுவது எவ்வாறு? கம்பனிடம் கற்ற ஓங்கிய நடை இக்காட்சியில் தன்னையே தாழ்த்திக்கொண்டு பணி செய்கின்றது.

ஆதலின் இருவர் பணிவும் ஒன்றல்ல என்பது எம் துணிபு. பனியனிடம் இழப்பதற்கு உலகப் பெருமை ஏதும் இல்லை. அவர் பணிவு வெறுங்கையின் பணிவு. கிருட்டிணபிள்ளையிடம் கம்பன் இருந்தான். அவர் பணிவு நிறைந்த கையைத் திறந்து வைக்கும் பணிவு. பாற்கடலை நக்கப் புகுந்த பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட கம்பனின் அவையடக்கம் தமிழ் மரபு. அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழியும் அதுவே. யாக்கோபு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் ஞானத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. பொறாமையும் விரோதமும் பிறப்பிப்பது ஒன்று. சமாதானமும் சாந்தமும் விளைவிப்பது மற்றொன்று. காப்பியம் பல இடங்களில் புலமை காட்டுகின்றது. பாடுகளின் பகுதியிலோ சாந்தத்தை விளைவிக்கின்றது. இவ்வளவுகோலால் அளந்தால் நூல் தேறிவிடுகின்றது. முழு மதிப்பெண் பெறாவிடினும்.

இந்த அளவுகோலை நூலுக்கு மட்டும் வைத்துவிட்டு நாம் விலகிக்கொள்ளலாமோ? கிருட்டிணபிள்ளை சிறுவனாயிருந்த காலத்தில், 1833-ல், கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாடு திருச்சபையில் அறவே ஒழிதல் வேண்டும் என்று கட்டளையிட்டார். அதனை ஏற்க மனமின்றிப் பிரிந்து நின்றோர் தஞ்சையிலும் சென்னையிலும் பலர். ஒரே கிண்ணத்தில் நற்கருணை பருகக் கூசிய செருக்கு, கோயிலுக்குள் சான்றிதழின்றி நுழைந்த 'அறியாமை'யே அன்றோ!

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மிடம் சான்றிதழ்களுக்குக் குறைவில்லை. அலுவலகத்தில் பதவிமூப்புப் பட்டியல். வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளின் பட்டச் சட்டகங்கள். சங்க மேடையில் அடைமொழிகள். ஊரிலிருந்து புதிதாய் வந்திறங்கும் தமிழ்க் கூலித் தொழிலாளியை நம் கூடத்தில் அமர்த்த எத்தனை குடும்பங்கள் முன்வருகின்றன? 'மனக்குறை'யும் 'வெட்க'மும் நம் வாயிலிலும் நின்று, உறவினர் என்ன நினைப்பர் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். கிறிஸ்தவக் குடும்பங்கட்கு மட்டுமன்று, கற்றோர் எவர்க்கும் உரிய கேள்வி இது.

கற்பதை விட்டுவிடுமாறு இவ்விரு நூல்களும் கூறவில்லை. கற்றதை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்குமாறே அழைக்கின்றன. 'மோட்சப் பிரயாண'த்தை இல்லத்துச் சிறுவர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுக. அதன்பின் குமார பருவத்தைப் பெரியோர் கூடிப் பொருளுணர்ந்து ஓதுக. இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கு, தாழ்வின் இனிமை முதல் நூலாலும் தாழ்ந்தவரின் மாட்சி இரண்டாம் நூலாலும் விளங்கும். ஒன்றை விட்டு ஒன்றைப் படிப்போர் பாதி வழியில் நிற்பர்.