ஒரு பிடிச் சேறு

மிகுத்துரைத்தல் குற்றமா என்று கேட்பார் உளர். எவரை உயர்த்த, எதனை உணர்த்த மிகுத்துரைத்தனர் என்று கேட்பதே திறனாய்வின் கடன் என்போம் நாம்.

வட அமெரிக்காவின் இரோக்குவா மக்களிடையே உலகம் தோன்றிய கதையொன்று உண்டு. வானுலகிலிருந்து கருவுற்ற பெண்ணொருத்தி வீழ்கிறாள். கீழே கரை காணா வெள்ளம்! நீர்ப்பறவைகள் சிறகோடு சிறகு சேர்த்து அவளைத் தாங்குகின்றன. ஆமை முதுகு தருகிறது. நிற்க மண் வேண்டுமே! வலிய விலங்குகள் மூழ்கித் தோற்கின்றன. இறுதியில் மூழ்கிய சின்னஞ்சிறு நீரெலி பிணமாய் மிதந்து வருகிறது. அதன் பிடியிலோ சிறிது சேறு! ஆமையின் முதுகில் அச்சேறு பரவுகிறது, வளர்கிறது, உலகாகிறது. வடிவங்கள் பல; கதையின் உயிர் இதுவே.

ஆமை மேல் நிலம் நிற்கவில்லை என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். எனவே எள்ளி நகைத்து ஏட்டை மூடிவிடலாமா? கூடாது. வெள்ளத்தை எல்லையற்றதாக்கிய கற்பனை, அதனை வென்ற கையை எலியின் கையளவாக்கியதே, ஏன்? வெள்ளம் பெருகப் பெருக, அச்சிற்றுயிரின் ஈகையும் பெருகுகிறதன்றோ! மிகை இங்கே வலியோரின் மகுடமன்று, எளியோரின் ஏணி.

இன்னொன்று காண்போம். அவள் பேரர் இரட்டையர். ஆறுகள் இருதிசையும் ஓடுமாறு ஒருவன் படைத்தானாம். மற்றவன் அதனைக் கெடுத்து ஒருதிசை ஆக்கினானாம். ஓராறு இருபுறமும் ஓடுமோ? ஓடாது! ஆனால், எதிர்நீரில் துடுப்பு வலித்து நொந்த தோள் அப்படித்தான் கனவு காணும். பொய்யின் உள்ளே உழைப்பின் வியர்வை!

1827இல் டஸ்கரோரா இனத்தவரான டேவிட் குசிக், தம் மக்களின் கதையைத் தாமே ஆங்கிலத்தில் எழுதி அச்சேற்றினார். 1903இல் ஹியூவிட், ஒனொண்டாகா, செனெக்கா, மோஹாக் மொழிகளின் மூலத்தோடு அதன் வடிவங்களை வெளியிட்டார். ஏட்டிலேறுமுன் அம்மக்கள் பட்ட பாடு சிறிதன்று. 1779இல் வாசிங்டனின் ஆணைப்படி சல்லிவனின் படை நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களை எரித்தது, விளைந்த சோளத்தை அழித்தது, பழமரங்களை வெட்டியது.

அமெரிக்க மண்ணை ஆளற்ற காடென்று பேசியோர் உண்டு. ஆளற்ற காட்டிலே எரிப்பதற்கு ஊர் ஏது? அழிப்பதற்கு விளைச்சல் ஏது?

ஒரு பிடிச் சேற்றை உலகாக்கியது ஒரு மிகை. ஊர் நிறைந்த உலகை வெறுங்காடாக்கியது மற்றொரு மிகை. முன்னது நன்றி சொல்லிற்று. பின்னது நிலம் பறித்தது. நகைப்புக்குரியது எது? நாணத்தக்கது எது? நடுநிலையாளர் கூறட்டும்!