காகிதக் கவசத்தின் நுணுக்கம்

கணினியில் உள்ள முப்பரிமாண உருவத்தை வெட்டி ஒட்டக்கூடிய தாள்களாகப் பிரித்துத் தருவது ஜப்பானிய மென்பொருளான பெப்பகுரா. ‘ஹேலோ’ வீடியோ விளையாட்டின் மாஸ்டர் சீஃப் கவசத்தை வீட்டிலேயே செய்த பலர் இதைத்தான் நாடினர். சுமார் 200 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டு ஒட்டி, வெளியே ரெசின் பூசி, உள்ளே ஃபைபர் துணி வைத்து இறுக்கினால் தலைக்கவசம் நிற்கும். ஆனால் வளைய வேண்டிய இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். அழகு இதற்குப் பிறகுதான்.

கார் டிங்கரிங் கடையில் பூசும் அதே பட்டியை மெல்லப் பூசி, காய்ந்ததும் 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்க்கிறார்கள். தகடுகள் சேரும் கோடுகள் இதில் மூடிப்போகும். சிறு அரத்தால் மீண்டும் கீறி எடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் கோட்டின் விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் கண் அதை இரண்டு தனித் தகடுகளாக ஏற்கும்.

வண்ணம் காய்ந்தபின் பள்ளங்களில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டுத் துடைக்கிறார்கள். முனைகளில் மட்டும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெள்ளிச் சாயம். கொஞ்சம் கூடினாலும் கவசம் பழைய இரும்புக்கடைச் சரக்காகிவிடும்.

ரெசின் வேலையைக் காற்றோட்டமான இடத்தில், நச்சுப்புகையை வடிகட்டும் முகமூடி அணிந்தே செய்ய வேண்டும்.